4417-ஆம் நோயாளி

டாக்டர் ஆர்விட் லாத்திக்கு இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது. நாற்காலியை விட்டு எழ மேசையும் சுவரும் போதவில்லை. வரவேற்பில் உட்காரும் டோரீனின் தோளும் வேண்டியிருந்தது. பனிக்காலத் தொடக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியெல்லாம் வீண்.

அதைவிட வலித்தது காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மதிப்பெண் தாள். செலவு: சிவப்பு. தரம்: சிவப்பு. இன்னொரு சிவப்பு வந்தால் நிறுவனத்தின் மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு இந்தச் சுரங்க ஊர்க்காரர்கள் வைத்தியத்துக்கு எழுபது மைல் போகவேண்டும்.

"எல்லாம் ஒரே ஆளால வந்த வினை, டாக்டர்," என்றாள் டோரீன். "நம்ம பேர்ல பதிஞ்சிருக்கிற நம்பர் 4417. பேரைச் சொல்ல மாட்டாங்களாம், ரகசியமாம். வருஷாந்தர ரத்தப் பரிசோதனைக்குக்கூட நம்மகிட்ட ஒரு தடவை வரல. வலிச்சா நேரா அவசரப் பிரிவுக்கு ஓடிடறான்."

"சோம்பேறிப் பய! செலவு அவனுது, உதை எனக்கா?"

நிறுவனத்துக்குப் போன் போட்டார். கார்லீன் என்ற பெண் எடுத்தாள். "பரிசோதனைக்கு வரச்சொல்லி 4417-க்கு ஒரு போன் போடட்டுமா, டாக்டர்?"

"ஒண்ணு பத்தாது. தினம் மூணு போடுங்க. விடாதீங்க!"

மறுநாளிலிருந்து டாக்டரின் சட்டைப்பையில் செல்பேசி ஓயவில்லை. தெரியாத எண். தையல் போடும்போது ஒன்று, குழந்தையின் காதைப் பார்க்கும்போது ஒன்று. நான்காம் நாள் எடுத்து, "உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லையா?" என்று கத்திவிட்டு வைத்தார்.

சாயங்காலம் கார்லீன் கூப்பிட்டாள். "உங்க 4417 எங்க ஆளைத் திட்டிட்டார். நோயாளிக்கு அதிருப்தின்னு பதிஞ்சாச்சு. உங்களுக்கு இன்னும் ரெண்டு மார்க் போச்சு."

"அப்ப கடிதம் போடுங்க. வாரம் ரெண்டு!"

கடிதங்களுக்கும் 4417 பதில் போடவில்லை. சனிக்கிழமை வீட்டின் சவுனா என்ற நீராவிக் குளியலறையில் டாக்டர் அடுப்பு மூட்டினார். பிரிக்காத காப்பீட்டு உறைகள் அந்த வருடம் ஏராளம், நன்றாகப் பற்றின.

4417-க்குப் பரிசோதனையை முடிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று தாக்கீது வந்தது.

"விலாசம் வாங்கு, டோரீன். நானே போய் அவனைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

பனிக்காலணி மாட்டக் குனிந்தவர் அப்படியே தரையில் சாய்ந்தார்.

"அசையாதீங்க. யாருக்குச் சொல்ல?"

"அவசரப் பிரிவுக்குத்தான்... ஐயோ!"

"காப்பீட்டு அட்டையைக் கேப்பாங்களே." அவர் பையிலிருந்து எடுத்தாள். பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "டாக்டர், உங்க வைத்தியர் யாருன்னு காப்பீட்டுப் படிவத்துல எழுதினீங்களா?"

"அதுக்கெல்லாம் ஏது நேரம்? எழுதலைன்னா பக்கத்துல இருக்கிற டாக்டரை அவங்களே போட்டுக்குவாங்க."

டோரீன் ஊசிப் பெட்டியோடு அவர் அருகே தரையில் உட்கார்ந்தாள்.

"போட்டிருக்காங்க. கையை நீட்டுங்க, 4417. எங்க டாக்டருக்கு நீங்க ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி."