லிஃப்ட் மெக்கானிக் ஏன் படியேறினார்?

நான்காவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மூச்சு.

அது வருவதற்குள் கேள்வி வந்துவிட்டது. கையில் துணி மூட்டையோடு லிஃப்ட்டுக்குக் காத்திருந்த நான்காம் மாடித் தையல்காரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, நீங்களே படியில வர்றீங்க? லிஃப்ட்டுக்கு என்ன ஆச்சு?"

லிஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் உடம்பில் நல்ல கொலஸ்ட்ரால் குறைவு, அதை ஏற்றத்தான் படியேறுகிறேன் என்று சொல்ல நினைத்தார் மெக்கானிக். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அதனால் கையால் சொன்னார். லிஃப்ட்டைக் காட்டினார். இல்லை என்று கையை ஆட்டினார். நெஞ்சைத் தொட்டார். பிறகு, ஏற்ற வேண்டும் என்பதற்காக ஒரு விரலை நீட்டி மேலே காட்டினார்.

தையல்காரம்மா அதை வரிசையாகப் படித்தார். லிஃப்ட். வேண்டாம். நெஞ்சு. மேலே.

"ஐயோ கடவுளே!" என்றவர், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப் போனார்.

நல்ல பெண்மணி, சட்டென்று புரிந்துகொண்டார் என்று நினைத்தபடி மெக்கானிக் ஐந்தாம் மாடிக்கு ஏறினார்.

எல்லாம் போன வாரம் டாக்டரிடம் போனதில் ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "கெட்ட கொலஸ்ட்ரால் பரவாயில்லை. நல்லதுதான் ரொம்பக் கம்மி" என்றார் அந்த இளம் டாக்டரம்மா.

"கொலஸ்ட்ரால் கம்மியா இருந்தா நல்லதுதானே டாக்டர்?"

"நல்லது கம்மியா இருந்தா நல்லதில்லை. ரத்தக்குழாய்ல படியிற கொழுப்பை அள்ளிட்டுப் போய்க் கல்லீரல்ல சேர்க்கிற வேலையை அதுதான் செய்யுது. உங்க உடம்புல அள்ளுற ஆள் பத்தலை."

"மெயின்டனன்ஸ் ஆள் பத்தலைங்கிறீங்க."

"அதேதான். சிகரெட் பிடிப்பீங்களா?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி டாக்டரைப் பார்த்தாள். "இன்னியிலேருந்து பிடிக்க மாட்டார் டாக்டர்" என்றாள்.

"நல்லது. நடக்கிறது உண்டா?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மேலயும் கீழயும் போயிட்டுத்தான் இருக்கேன்."

"எதுல?"

மெக்கானிக் கொஞ்சம் தயங்கினார். "லிஃப்ட்ல."

பொரித்ததைக் குறைக்கணும், மீன் சாப்பிடணும், கொறிக்கணும்னு தோணினா பாதாமோ வால்நட்டோ நாலு போட்டுக்கணும், தொப்பை இறங்கணும், முக்கியமாகக் கால் அசையணும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மனைவிக்கு அது போதவில்லை. வாசல் தாண்டியதுமே, "இனிமே லிஃப்ட்ல கால் வைக்க மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"என் பொழைப்பே லிஃப்ட்தானேம்மா!"

"ரிப்பேர் பண்ணுங்க. யாரு வேண்டாம்னா? ஏறாதீங்க, அவ்வளவுதான்."

சத்தியம் செய்துவிட்டார். இப்போது ஒன்பது மாடி ஏறி மொட்டை மாடி மெஷின் ரூமைத் திறந்தபோது, சத்தியம் செய்த வாயில் நுரை தள்ளாத குறை. ஆனால் உள்ளே எல்லாம் கச்சிதமாக இருந்தது. வடக்கயிறு, பிரேக், மோட்டார் எதிலும் ஒரு குறை இல்லை. இந்த லிஃப்ட்டைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்பவர் அவர். திருப்தியாகப் பூட்டிக்கொண்டு படியில் இறங்கினார்.

ஏழாம் மாடியில் ஒருவர் பால் பாக்கெட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தார். ஆறில் புத்தகப் பையோடு இரண்டு பிள்ளைகள். ஐந்தில் ஒரு கூட்டமே நின்றது. நடுவில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஐந்தாம் மாடிவாசி, கனத்த உடம்பு. கீழே போய்ச் செய்தித்தாள் எடுத்து வரவும் லிஃப்ட், மொட்டை மாடிக்குப் போய் வானம் பார்க்கவும் லிஃப்ட் என்று வாழ்கிறவர். தவிர்க்க முடியாமல் அன்று நடந்து ஏறியதில் முகம் சிவந்திருந்தது.

"என்னய்யா, லிஃப்ட் எப்ப விழும்?"

"எதுக்கு சார் விழணும்? லிஃப்ட் தங்கம் மாதிரி இருக்கு."

"அப்ப நீ ஏன் அதுல வரலை?"

மூச்சு இப்போது திரும்பியிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. "ஏற மாட்டேன்னு வீட்டம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன் சார்" என்றார் மெக்கானிக்.

கூட்டம் மொத்தமும் ஒரு படி பின்வாங்கியது.

"கேட்டீங்களா! அவர் பெண்டாட்டி பயந்துபோய் சத்தியம் வாங்கியிருக்கா!"

"ஐயையோ, அதில்லீங்க. எனக்கு நெஞ்சுக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னாங்க..."

"லிஃப்ட்ல போனா நெஞ்சுக்கு ஆபத்தாமே!"

"இல்லைங்க, நல்ல கொலஸ்ட்ரால் குறைவு. அதை ஏத்தணும்."

"கொலஸ்ட்ராலை யாராவது ஏத்துவாங்களாய்யா?" என்று செயலாளர் கர்ஜித்தார். "பொய் சொல்றதுக்கும் ஒரு முறை வேண்டாம்?"

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு இறங்கினார். திறந்தவரைக்கும் போதும் என்று தோன்றியது.

மறுநாள் செயலாளரிடம் நேரில் விளக்கிவிடலாம் என்று அவர் வீட்டு மணியை அடித்தார். செயலாளர் வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. ஒல்லியாக, அமைதியாக, இந்த வீட்டுக் கூச்சலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல இருந்தார். "உள்ள வாங்க தம்பி. உட்காருங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அந்தத் தண்ணீரில் மெக்கானிக்கின் மனம் இளகிவிட்டது. டாக்டர் சொன்னது, அள்ளுகிற ஆள் பத்தாதது, சத்தியம், சைகை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தம்மா ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நடுநடுவே சந்தேகம்தான் கேட்டார்.

"படியேறினா நிஜமாவே அது ஏறுமா தம்பி?"

"கொஞ்சங் கொஞ்சமா ஏறுமாம், அம்மா. சிகரெட்டை விட்டா இன்னும் நல்லதாம்."

"இவருக்கு சிகரெட் கிடையாது. சோம்பேறித்தனம்தான். பாதாமை வறுக்கணுமா, பச்சையா சாப்பிடலாமா?"

"எப்படி வேணாலும் சாப்பிடலாம், எண்ணெயும் உப்பும் சேர்க்காம."

"ம்." அந்தம்மா சற்று யோசித்தார். "சரி, நீங்க கவலைப்படாதீங்க. வீடு வீடா நானே போய்ச் சொல்லிடறேன்."

இந்தக் கட்டிடத்தில் மூளை உள்ள ஒரே ஆள் இவர்தான் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு மெக்கானிக் வெளியே வந்தார்.

ஆனால் அடுத்த நாள் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. அதுவரை துணிந்து லிஃப்ட்டில் போய்வந்த ஓரிருவரும் படிக்கு மாறிவிட்டார்கள். மதியம் மேனேஜர் போனில் வெடித்தார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? அந்தச் செயலாளர் நம்ம ஒப்பந்தத்தையே ரத்து பண்றேங்கிறார். நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் லிஃப்ட்ல ஏறி, மேல போய்ட்டுக் கீழ வர்ற. இல்லைன்னா வேற வேலை பாத்துக்க!"

சாயங்காலம் மனைவியிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. அவள் மீனைச் சட்டியில் வைத்து வேகவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை என்றதும் அவளுக்கும் முகம் வாடியது.

"சரி, ஒரே ஒரு தடவை. ஆனா உள்ள சும்மா நிக்கக் கூடாது. நின்ன இடத்துலயே ஓடுங்க. அப்ப சத்தியமும் பாதிதான் உடையும்."

காலையில் கட்டிடமே கூடிவிட்டது. மாடிக்கு மாடி லிஃப்ட் வாசலில் ஆட்கள். மெக்கானிக் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே நுழைந்தார். கதவு மூடியது. கதவில் இருந்த கண்ணாடிப் பட்டை வழியாக அவர் மேலே போவது தெரிந்தது. அவர் ஓட ஆரம்பித்தார்.

"பாருங்க, எப்படி நடுங்குறாரு!" என்றது முதல் மாடி.

"துடிக்கிறாரே மனுஷன்!" என்றது மூன்றாம் மாடி.

ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது அவருக்கே ஓட்டம் பிடித்துப்போய்விட்டது. உடம்பு லேசாக இருந்தது. முழங்காலை நன்றாக உயர்த்தி நான்கு குதி குதித்தார். லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கியது. அடியில் இருந்த பாதுகாப்புப் பிடி, ஏதோ விபரீதம் என்று நினைத்துத் தண்டவாளத்தைக் கெட்டியாகக் கவ்விக்கொண்டது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எல்லாம் நின்றது.

பிடி இவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறதே என்று ஒரு நொடி அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி, அதை விடுவிக்கத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது ஞாபகம் வந்தது.

லிஃப்ட்டுக்குள் இருந்த போனை எடுத்தார். கீழே காவலாளி எடுத்தார்.

"யோவ், மெஷின் ரூமுக்குப் போ. மோட்டார் பக்கத்துல சக்கரம் இருக்கும். நான் சொல்றபடி சுத்தணும்."

"சரிங்க. மேல எப்படிங்க போறது? லிஃப்ட்லயா?"

"லிஃப்ட்ல நான்தான்யா இருக்கேன்!"

காவலாளி படியேறிப் போய்ச் சேர நேரம் பிடித்தது. அந்த நேரத்தில்தான் மெக்கானிக்குக்கு சிகரெட் ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. சட்டைப் பையில் கையை விட்டார். மனைவி போட்டு அனுப்பிய பாதாம்தான் இருந்தது. ஒவ்வொன்றாகக் கடித்தார். வேலை போனாலும் போகட்டும், படியேறுவதை நிறுத்தக் கூடாது, சிகரெட்டைத் திரும்பத் தொடவும் கூடாது என்று அவருக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. கடைசிப் பாதாம் தீர்ந்தபோது ஆசையும் அடங்கியிருந்தது.

அவர் வெளியே வந்ததும் செயலாளர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அடுத்த கூட்டத்துல முடிவு பண்றோம். அதுவரைக்கும் இந்த லிஃப்ட்டை யாரும் தொடப்போறதில்லை."

"நம்ம கம்பெனி சரித்திரத்துலயே உள்ள மாட்டிக்கிட்ட முதல் மெக்கானிக் நீதான்" என்றார் மேனேஜர். வேலையை விட்டு எடுக்கவில்லை. கூட்டம் முடியட்டும் என்று வைத்திருந்தார்.

அந்தக் கூட்டம் மாதக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, வேலை நிலைக்குமா என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஏறினார். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும், "லிஃப்ட் நல்லா இருக்கு, நான்தான் சரியில்லை" என்று மூச்சு இருக்கும்போதே கீழேயே சொல்லிவிட்டு ஏறினார். சிகரெட் கடைப் பக்கமே போகவில்லை. முதலில் நான்காம் மாடியில் நின்றவர், பிறகு ஏழில் நின்றார், பிறகு நிற்கவே இல்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது.

மறுபரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் முடிவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏறியிருக்கு. நான் எதிர்பார்த்ததைவிட நல்லாவே ஏறியிருக்கு. இப்படியே விடாம இருங்க."

மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக்குக்குத் தோளிலிருந்து ஒரு மோட்டாரை இறக்கி வைத்தது போல இருந்தது. அந்த லேசான மனதோடு வெளியே வந்தவர், அங்கே நின்றவரைப் பார்த்ததும் உறைந்துபோனார்.

செயலாளர். ஆனால் பாதி செயலாளர்தான். சட்டை தொளதொளத்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி.

"வாய்யா மெக்கானிக்!" என்று செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன். எனக்கும் அந்த நல்ல கொலஸ்ட்ரால்தான் வருஷக்கணக்கா கம்மியாம். என்கிட்ட யாரு சொன்னாலும் காதுல ஏறலை. இப்ப ஏறிடுச்சு! என்ன பண்ணீங்கன்னு டாக்டர் கேட்டாங்க. எங்க லிஃப்ட் சரியில்லைன்னேன்."

"சார், லிஃப்ட் நல்லாத்தான்..."

"தெரியும்யா. நேத்து வெளிக் கம்பெனி இன்ஜினியரை வெச்சுப் பார்த்துட்டேன். ஒரு குறையும் இல்லைங்கிறார். ஒப்பந்தம் உங்களுக்கேதான். மேனேஜர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். நான்தான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன், மனசுல வெச்சுக்காத."

மெக்கானிக் பிடித்த கையை விடவில்லை. "அப்ப இனிமே லிஃப்ட்லதான் போவீங்களா சார்?"

"எங்கய்யா? அந்த இன்ஜினியர் மட்டும் எதுல இறங்கிப் போனார்னு கேக்கிறா இவ. யோசிச்சுப் பார்த்தா எனக்கும் பக்குன்னு இருக்கு. படியே பழகிடுச்சு, விடு." மருந்துக் கடைச் சன்னலைப் பார்த்தவர், "இரு, மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்" என்று விறுவிறுவென்று நடந்தார்.

மெக்கானிக் நன்றியோடு அந்தம்மாவைக் கும்பிட்டார். "நீங்க மட்டும் அன்னிக்கு எனக்காக வீடு வீடாப் போய்ப் பேசலைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்மா!"

அந்தம்மா கணவர் தூரப் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி, வீடு வீடாப் போனது நிஜம்தான், ஆனா லிஃப்ட் எந்த நிமிஷமும் அறுந்து விழும்னு நீங்களே என்கிட்ட அழுததாத்தான் சொன்னேன்."