பதக்கத்திலிருந்து படிக்கட்டு வரை

“அப்பா, சாயங்காலத்துக்குள்ள கோச்சுக்குப் பதில் சொல்லணும். முகாமுக்குப் போகட்டுமா, வேண்டாமா?”

கேட்டவள் மகள், நீச்சல் வீராங்கனை. வெளியூர்ப் பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேட்கப்பட்டவர் தந்தை, பதிப்பகம் ஒன்றின் தலைமை மெய்ப்புத் திருத்துநர். விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைக் கண்டால் அன்று முழுவதும் முகம் வாடியிருப்பவர். மகளின் நீச்சலில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் பெருமை வேறு, அனுமதி வேறு எனப் பிரித்தறியத் தெரிந்தவர்.

“ஒரு வருஷம் படிப்பை நிறுத்திட்டுத் தண்ணியிலயே கிடக்கணுமாக்கும்?”

“முதல்ல இதைப் படிங்கப்பா. அப்புறம் நீங்களே சரின்னு சொல்வீங்க.”

தன் மின்வாசிப்பானை அவர் கையில் திணித்தாள். அதில் தமிழாக்கம் செய்யப்பட்ட ஜப்பானியப் படக்கதை ஒன்று இருந்தது, மங்கா என்பார்கள். ஒரு நீச்சல்காரியின் கதை. முந்தின நாள்தான் அவள் படித்து முடித்திருந்தாள்.

“இங்க தொட்டீங்கன்னா...”

“யாருக்கும்மா படிக்கச் சொல்லித் தர்றே? என் பிழைப்பே அதுதான்.”

மகள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அவர் திரையைத் திறந்தார். எடுத்த எடுப்பிலேயே கதாநாயகி மேடையேறிப் பதக்கம் வாங்கினாள். நல்ல தொடக்கம் என்று எண்ணி வலது ஓரத்தைத் தொட்டார், பக்கம் நகர்ந்தது. மேலும் தொட்டார். பதக்கம் வாங்கியவள் அரையிறுதியில் மூச்சு வாங்கினாள். பின்னர் உள்ளூர்ப் போட்டியிலேயே கடைசியாக வந்தாள். அதன்பின் மிதக்கவே தடுமாறினாள். ஆங்காங்கே விடை முன்னும் வினா பின்னுமாக நின்றன. ஜப்பானியரின் நடை அப்படி இருக்கலாம் என்று பெருந்தன்மையோடு மன்னித்தார். இறுதியில் அந்தப் பெண் சிறுமியாய்ச் சுருங்கி, குளத்தின் படிக்கட்டில் அமர்ந்து, தண்ணீரைப் பார்த்து நடுங்கினாள். அதற்கும் பிறகு தலைப்புப் பக்கம் வந்தது. தலைப்பைக் கடைசியில் வைத்தவனை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்களையும்.

“படிச்சிட்டீங்களாப்பா?” மகள் ஓடி வந்தாள். “முடிவு வரைக்கும்?”

“ஓர் எழுத்து விடல.”

“அழுகை வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எனக்கும்! அப்போ போகலாம்தானே?”

“அதனாலதான் கூடாதுங்கறேன்.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்கு நெஞ்சுல என்ன கல்லா?” என்றாள். அறைக்கதவு படாரென்று மூடிக்கொண்டது.

மனைவி சமாதானத்துக்கு வந்தாள். “என்னங்க, அந்தக் கதையில வர்ற பொண்ணு மாதிரி ஆகணும்னுதானே ஆசைப்படறா? அதுல என்ன தப்பு?”

“தெரிஞ்சுதான் பேசறியா? பெத்த தாய் பேசற பேச்சா இது?”

“ஆமா, நான் பெத்த தாய்தான். நீங்கதான் யாருன்னு தெரியல.”

இரண்டாவது கதவும் மூடிக்கொண்டது. வீட்டில் அவருக்கென்று எஞ்சியது கூடம் மட்டுமே. வீட்டார் பகைத்தால் பகைக்கட்டும், மகளைக் காப்பது தன் கடமை என்று நிமிர்ந்தார். வாசிப்பானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே நீச்சல்குளத்துக்கு நடந்தார்.

குளத்தோரம் நின்றிருந்த பயிற்சியாளர் அம்மாள் ஊதலை வாயிலிருந்து எடுத்தாள். “வாங்க சார்! நல்ல சேதிதானே?”

“என் பொண்ணு பேரை எடுத்துடுங்க மேடம்.”

“அய்யோ, ஏன் சார்? இந்தக் குளத்துல அவளுக்கு இணையா ஒருத்தி கிடையாதே!”

“அது எனக்குத் தெரியாதா?” அவர் குரல் உயர்ந்தது, குளத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நடக்கப் பழகின வயசுல, நான் பிடிக்கறதுக்குள்ள தண்ணியில குதிச்சவ மேடம் அவ. என் சிங்கக்குட்டி. அவ ஜெயிக்கலேன்னாலும் எனக்குக் கவலையில்ல. ஆனா பயிற்சி, போட்டின்னு போய், கடைசியில இப்படித் தண்ணியைக் கண்டாலே நடுங்கற நிலைமைக்கு அவ வரக் கூடாது. பாருங்க, இந்தக் கொடுமையான முடிவை!”

படிக்கட்டுச் சிறுமியைத் திரையில் வைத்து நீட்டினார். பயிற்சியாளர் பார்த்தாள். இடது ஓரத்தை ஒருமுறை தொட்டாள், பின் இன்னொரு முறை. சிரிப்பை அடக்க ஊதலைக் கடித்துக்கொண்டாள்.

“சார், மங்காவை வலமிருந்து இடமாப் படிக்கணும், நீங்க அழுதது முதல் பக்கத்தைப் பார்த்து.”