கர்னலுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

எனக்கு வேலை பார்க்கத் தெரிந்ததைவிட வேலையை விட்டு ஓடத் தெரிந்தது அதிகம். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதில் ஆரம்பித்து, செங்கல் சூளை, லாரி கிளீனர், விக்கிரவாண்டி பரோட்டாக் கடை என்று மொத்தம் ஒன்பது இடங்கள். எல்லாமே வெறுங்கையோடு, சத்தம் போடாமல் ஓடியவை. ஒரே ஒரு தடவைதான் கூடையோடு ஓடினேன். அந்தக் கூடை வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். பாண்டிச்சேரி பக்கம் இவர்களைச் சொல்தா என்பார்கள். கிளியனூரில் தனியாக இருந்தார். மிருகங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், முடி வேலை தெரியுமா என்று கேட்டார்.

"ஆட்டுக்கு முடி கத்தரிச்சிருக்கேங்க" என்றேன். (கத்தரித்தவன் வேறு ஆள். நான் காலைப் பிடித்துக்கொண்டவன். அதுவும் ஒரு வாரம்.)

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மிருகம் என்று அவர் சொன்னது மூன்று கினிப்பன்றிகள். பெயரில்தான் பன்றி, பார்த்தால் வால் இல்லாத எலி. ஊர்க்காரர்கள் சீமைப் பெருச்சாளி என்றார்கள். மிமி, லுலு என்று இரண்டு பெட்டை, கர்னல் என்று ஓர் ஆண். மூன்றுக்கும் தரையைக் கூட்டும் அளவுக்கு முடி. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. முதல் நாள் கர்னலின் பின்பக்கத்துக்குக் கால்மணி நேரம் புல் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

வானூர் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, ஆறு மாதம் சொந்த ஊருக்குப் போகும்போது இவற்றைச் சொல்தாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். சொல்தா வேளாவேளைக்குப் புல் போட்டார், சீப்பு போடவில்லை. வைக்கோலும் மூத்திரமும் சேர்ந்து, காதுக்குப் பின்னால், அக்குளில், வயிற்றில், பின்பக்கத்தில் முடி கட்டி கட்டியாகச் சிக்கு விழுந்து கயிற்று மிதியடி மாதிரி ஆகியிருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தம்மா வருகிறார்.

"உசுரு மாதிரி பாத்துக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன் தம்பி. மொட்ட அடிச்சி காட்டுனா அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீ சிக்க எடுத்துட்டா இங்கயே இருந்துக்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்க" என்றார்.

எனக்குக் கொடுத்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே இருந்து தாழ் போட்டுக்கொண்டு தூங்குவது எனக்கு அதுதான் முதல் முறை. மூன்று வேளையும் சோறு. இந்த இடத்திலிருந்து மட்டும் ஓடக்கூடாது என்று முதல் ராத்திரியே முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை சொல்தா உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போனார். திங்கட்கிழமை சாயங்காலம்தான் வருவார். கேட்டைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினேன்.

சிக்கு விழுந்த தலைக்கு என்ன செய்வார்கள்? எண்ணெய் வைத்துத் தலைமுழுகுவார்கள். இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா? அதிலும் நான் முறை தவறாதவன். பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி. ஆகவே அன்று மிமிக்கும் லுலுவுக்கும் மட்டும். உச்சி முதல் உள்ளங்கால்வரை விளக்கெண்ணெய். அரை மணி ஊறல். சீயக்காய், வெதுவெதுப்பான வெந்நீர். பிறகு கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி. (இரண்டும் தும்மின. ஜலதோஷம் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன்.) எண்ணெய்க் குளியல் முடித்துப் பகலில் தூங்கக்கூடாது அல்லவா? அவை கண் அயரும்போதெல்லாம் தட்டைத் தட்டி எழுப்பிக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பொறுப்பு.

இருட்டும்வரை ஈரம் காயாமல் முடி பளபளவென்று படிந்திருந்தது. அந்தத் தைரியத்தில் சனிக்கிழமை காலை கர்னலையும் குளிப்பாட்டினேன். அவரைத் துவட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காய்ந்துபோன மிமியும் லுலுவும் என்ன ஆகியிருந்தார்கள் என்று. எண்ணெய் முழுசாகப் போகவில்லை. அதில் வைக்கோல் தூள் அப்பியிருந்தது. தண்ணீர் பட்ட சிக்கு நன்றாக முறுக்கிக்கொண்டு, தேங்காய் நார் உருண்டையாக இறுகிவிட்டது. முன்பு கட்டிகள்தான் தனித்தனியாக இருந்தன; இப்போது மொத்தமும் ஒரே கட்டி. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மிமி போட்ட கத்தலில் சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். என் மடியில் ஈரத்தோடு இருந்த கர்னல், அடுத்தது தன் முறை என்பது தெரிந்தவர் போல என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தில் இறங்கினேன். சட்டை இரண்டையும் பிளாஸ்டிக் பையில் திணித்தேன். பை சரசரத்ததும் மூன்றும் "உயீ உயீ" என்று கத்த ஆரம்பித்தன. புல் கொண்டுவரும் பை அது. அப்போதுதான் உறைத்தது, திங்கட்கிழமைவரை இந்த வீட்டில் புல் போட ஆள் கிடையாது. பசி எனக்குத் தெரிந்த சமாச்சாரம். இரண்டு நாள் பட்டினியில் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றையும் மூடிபோட்ட கூடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திருடன் தடயத்தை அழிப்பான். நான் கூடவே எடுத்துக்கொண்டு போனேன்.

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் என் வயசுப் பெண் ஒருத்தி, காலடியில் பெரிய கோணிப்பை. விக்கிரவாண்டியைத் தாண்டும்போது பரோட்டாக் கடை முதலாளி கண்ணில் படாமல் இருக்க நான் குனிந்துகொண்டேன். கூடை மூடி நகர்ந்து லுலுவின் முடி ஒரு கற்றை வெளியே வந்துவிட்டது. அவள் அதை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"எந்த ஊரு முடி இது? சவுரிக்கா எடுத்துக்கினு போற?"

அவள் பெயர் அஞ்சலை. வீடு வீடாகப் போய், பெண்கள் தலை வாரும்போது உதிர்ந்து சேர்த்து வைத்த முடியை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது அவள் தொழில். அந்த உருண்டைகளைச் சிக்கெடுத்து நீட்டி, ஜடையோடு சேர்த்துப் பின்னும் சவுரி கட்டுவார்கள். என்னைத் தன் ஏரியாவில் புகுந்த போட்டி வியாபாரி என்று நினைத்திருக்கிறாள். கற்றையை இழுத்தாள். கற்றை திரும்பி அவள் விரலைக் கடித்தது.

அவள் கையை உதறவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "உசுரோட இருக்குது" என்றாள். அப்புறம் மோந்து பார்த்தாள். "விளக்கெண்ணெ. சீயக்கா. யோவ், குளிப்பாட்டுனியா?"

எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளி சனிக் கணக்கு உட்பட. சொல்தாவையும் தாழ்ப்பாளையும்கூடச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சிக்கு முடிய எவனாவது நனைப்பானா? நனைச்சா எறுகிக்கும். நாங்க ஒரு சொட்டுத் தண்ணி படவுடமாட்டோம். எறங்கு, வா."

விழுப்புரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் அவள் வீடு. வாசலில் முடி மலை. முதலில் எண்ணெயை எடுக்க உலர்ந்த மாவு வேண்டும் என்றாள். மைதா வாங்கி வந்தேன். தூவிப் பிசிறி, உதறி, மறுபடி தூவினோம். நாலாவது தடவையில் எண்ணெய் மாவோடு வந்துவிட்டது. கர்னல் எண்ணெய்க் கல்லில் போடத் தயாரான பரோட்டா மாதிரி இருந்தார்.

பிறகு கூர்முனைக் கம்பி ஒன்றை எடுத்து, கட்டியின் நுனியிலிருந்து நாலு நாலு முடியாகப் பிரித்தாள். வேர்ப்பக்கம் போகவே இல்லை. ஒரு நிமிஷத்தில் லுலு கத்தியது. அஞ்சலை நிறுத்திவிட்டாள். அவள் கைக்கு வந்த முடி எதற்கும் அதுவரை வலித்ததில்லை.

"வேர நீ புடிச்சிக்க. நான் இழுக்கற இழுப்பு உன் வெரலோட நிக்கணும். தோலுக்குப் போவக்கூடாது."

பிடித்தேன். சரியாக வந்தது. பரோட்டா மாவைக் கிழியாமல் கண்ணாடி மாதிரி விரிக்கப் பழகிய விரல்கள் அவை. அடித்து அடித்துப் பழக்கிய விரல்கள்தான், ஆனாலும் பழகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பிரிக்கும் வேலையே என் கைக்கு வந்துவிட்டது. வேரைப் பிடிப்பது அவளுடையது ஆனது.

"கை நல்லாத்தான் இருக்குது. மண்டதான் சரியில்ல" என்றாள். அதுவரை என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சான்றிதழ் அது.

இரண்டு ராத்திரியும் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கூடையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். மார்க்கெட்டில் கொட்டிய கோஸ் இலையும் மல்லாட்டை என்னும் வேர்க்கடலையின் கொடியும் அவற்றுக்கு; எனக்கு அஞ்சலை வீட்டுக் கேப்பைக் கூழ்.

திங்கட்கிழமை காலை ஒரே ஒரு கட்டி பாக்கி. கர்னலின் அக்குளில், தோலோடு ஒட்டியது. பிரிக்க வழியில்லை, வெட்டத்தான் வேண்டும். அங்கே தோல் வெங்காயச் சருகு மாதிரி. கத்தரி தடுமாறினால் வெள்ளைக்காரம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது முடிக்காக இருக்காது. அஞ்சலை பேன் சீப்பை எடுத்துத் தோலுக்கும் கட்டிக்கும் நடுவில் மெல்லச் செருகினாள். சீப்புக்கு மேலே என்னை வெட்டச் சொன்னாள். கர்னல் அசையாமல் படுத்திருந்தார். மூன்று வெட்டு. கட்டி கையோடு வந்தது. சீப்புக்குக் கீழே தோல் ரோஜா நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கர்னல் புரண்டு எழுந்து, நின்ற இடத்திலிருந்து ஒரு துள்ளு துள்ளினார். ஆறு மாதத்தில் அவர் அந்தக் காலை முழுசாக நீட்டியது அன்றைக்குத்தான்.

அஞ்சலை மூன்றுக்கும் நேர்வகிடு எடுத்து வாரிவிட்டாள். வெட்டிய முடியையும் உதிர்ந்த முடியையும் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, ஓர் எவர்சில்வர் டம்ளரை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். "முடிய எடுத்தா பாத்திரம் குடுக்கணும். யாவாரம்னா யாவாரம்" என்றாள்.

சொல்தா வருவதற்கு அரை மணி முன்னால் கிளியனூர் வீட்டில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை வெள்ளைக்காரம்மா வந்தார். கர்னலைத் தூக்கி, வயிற்று முடிக்குள் வேர்வரை விரலை விட்டுத் தேடினார். ஒரு சிக்கு இல்லை. தன்னிடம் இருந்தபோதுகூட இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை, யார் செய்தது என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். முகர்ந்து பார்த்து, இது என்ன வாசனை என்றும் கேட்டார். (சாம்பிராணி. அது மட்டும் போகவே இல்லை.) சொல்தா என்னைக் காட்டினார். பிறகு குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். ஒன்பது இடத்திலும் என் மேல் கையை ஓங்கியிருக்கிறார்கள். கையைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோனவர் இவர் ஒருவர்தான்.

தாழ்ப்பாள் போட்ட அறையில் மூன்று வருஷம் இருந்தேன். அந்தம்மா மாதம் இருமுறை கர்னல் குடும்பத்தைச் சீப்புக்குக் கொண்டுவருவார். நானும் சந்தேகம் கேட்கிறேன் என்று மாதம் இருமுறை விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன். சந்தேகம் தீராததால் அஞ்சலையையே கட்டிக்கொண்டேன். அந்த வேலையிலிருந்து மட்டும் முன்வாசல் வழியாக, சொல்தா கையில் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்த டம்ளரில்தான் இன்றும் எனக்குக் காபி வருகிறது. ஆனால் கர்னலின் அக்குள் முடியை என்ன செய்தாள் என்று மட்டும் அஞ்சலை இன்றுவரை சொல்லவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், இடுப்புக்குக் கீழே தொங்கும் தடித்த ஜடையோடு மணப்பெண் மேடை ஏறும்போது, என் பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மா பக்கம் சாய்ந்து கேட்பார்கள்:

"கர்னல் வந்துருக்காராம்மா?"

அஞ்சலை கண்ணைச் சுருக்கி ஜடையை உற்றுப் பார்ப்பாள். பிறகு என்னிடம் திரும்பி, "நீ போய் மோந்து பாத்துட்டு வாய்யா. சாம்பிராணி வாசன வந்தா அவருதான்" என்பாள்.