ஒரு மூல் தண்ணீர்

பக்கத்து அறைக்குள்ளிருந்து வந்த பேச்சைக் கேட்டதும், தில்லைநாதன் வாய்க்குக் கொண்டுபோன பயற்றம் பணியாரம் பாதிவழியில் நின்றது.

"மூலம் எண்டு நீங்களாச் சொல்லிப்போடாதேங்கோ. கேட்டால் மட்டும் சொல்லுங்கோ. பொருந்திட்டுதெண்டால் பிறகு பிரிக்கேலாது."

பேசியது யதுர்ஷிகா. புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்புகளில் இரசாயனம் படிப்பிக்கிறவள். மகன் கோகுலனுக்கு அவளைப் பார்க்கத்தான் தில்லைநாதன் தர்மபுரத்திலிருந்து வான் பிடித்து, மனைவி இராசமலரோடு வந்திருந்தார். கால் கழுவக் கிணற்றடிக்குப் போன கோகுலன் இன்னும் திரும்பவில்லை.

மூல நட்சத்திரப் பெண் மருமகளாய் வந்தால் மாமனாரின் உயிருக்கு ஆகாது என்பதில் தில்லைநாதனுக்குத் துளி சந்தேகமும் கிடையாது. அவருடைய தமையன் அப்படி ஒரு மருமகளை எடுத்து, அடுத்த போகம் வெட்டுமுன்னே போய்ச் சேர்ந்தார். தமையனுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது என்பதை இவர் கணக்கில் எடுப்பதில்லை. சாதகத்தைச் சாத்திரியாரிடம் கொண்டுபோய்க் காட்டி, எல்லாம் பொருத்தம் என்று வந்து சொன்னவன் கோகுலன். பாவம், பெடியனையும் ஏமாற்றிவிட்டார்களே.

"இஞ்சேரும், பிள்ளைக்கு மூலமோ எண்டு தாயிட்டை நைசாக் கேட்டுப் பாரும்."

இராசமலர் குசினிக்குப் போய், பெண்ணின் தாய் சிவரூபியின் காதுக்குள், "குறை நினையாதேங்கோ, இந்த மூலம்... இவர்தான்..." என்று இழுத்தார்.

சிவரூபி எட்டிப் பார்த்தார். கதிரை நுனியில் தில்லைநாதன் நெளிந்துகொண்டிருந்தார். போதாதா? உடனே ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, எழும்பி இதில இருங்கோ. வெறுங்கதிரை குத்தும்."

"என்னத்துக்குத் தங்கச்சி?"

"இதில என்ன வெட்கம். எங்கட இவருக்கும் இருந்தது. உறைப்பைக் குறைச்சால் சுகம் வரும்."

வடைத் தட்டு உள்ளே போனது. மோர் வந்தது. தில்லைநாதனுக்குத் தலை கிறுகிறுத்தது. உயிருக்கு உலை வைக்கிறவர்கள் எதற்குத் தலையணை வைக்கிறார்கள்?

"எனக்கில்லை மூலம், உங்கட பிள்ளைக்குத்தான்," என்று பொறுக்கமாட்டாமல் போட்டு உடைத்தார்.

"என்ர பிள்ளைக்கோ? அவள் நல்லாத்தானே இருந்து எழும்புறாள்."

சத்தம் கேட்டு யதுர்ஷிகா கையில் ஃபோனோடு வெளியே வந்தாள். எல்லோர் முகத்தையும் ஒருதரம் பார்த்தாள்.

"மாமா, நான் ஒண்லைனில பிள்ளையளுக்கு மூல் படிப்பிச்சனான். மூல். அந்த 'அம்' உங்கட காதில ஒட்டினது."

"அதென்னது மூல்?"

"மூலக்கூறு கண்ணுக்கே தெரியாது, தராசில வைக்கேலாது. அதால காபன் அணுவோட ஒப்பிட்டுத்தான் அதின்ர திணிவைச் சொல்லுறது. பொருத்தம் பார்க்கிற மாதிரித்தான் மாமா. காபனைப் பன்னிரண்டெண்டு வைச்சால் தண்ணி பதினெட்டு. பதினெட்டுக் கிராம் தண்ணி ஒரு மூல்." மேசைக்கரண்டியில் ததும்பத் தண்ணீர் எடுத்துக் காட்டினாள். "இவ்வளவுதான்."

"நிறுக்காமல் என்னெண்டு பிடிக்கிறது?"

"அதுக்கு மெஷின் இருக்கு. ஓடவிட்டுக் காந்தத்தால இழுப்பினம். பாரமானது கொஞ்சமா வளையும், பாரமில்லாதது கூட வளையும்."

"பிரிக்கேலாது எண்டது?"

"சில கணக்கு மீதியில்லாமல் பிரிக்கேலாது மாமா."

தில்லைநாதனுக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. ஆனால் போன உயிர் திரும்பி வந்தது நன்றாக விளங்கியது. சந்தோசம் தாங்கவில்லை. வெட்கத்தை மறைக்கத் தொண்டையைச் செருமினார்.

"நான் சும்மா கேட்டனான். நட்சத்திரம் கிட்சத்திரம் பார்க்கிற ஆள் நானில்லை. மூலமெண்டாலும் எனக்கு ஒண்டுதான். இவள்தான் எங்கட மருமகள். இது என்ர வாக்கு."

அப்போதுதான் உள்ளே வந்த கோகுலன் ஓடிவந்து தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். தில்லைநாதன் தலையணையில் வசதியாகச் சாய்ந்து மோரைக் குடித்தார்.

பின்வாசலால் யதுர்ஷிகாவின் தங்கை தேனுகா வந்தாள். ஒரு ஃபோனைக் கோகுலனிடம் நீட்டினாள்.

"அத்தான், அக்காவோட கதைச்சிட்டு இதைக் கிணத்துக்கட்டில விட்டிட்டு வந்திட்டியள். இன்னும் கட் பண்ணேல்லை."