எட்டுப் பெட்டியும் ஒரு முழம் தங்கூசியும்

எட்டுக் கணினிகளும் ஒன்றுபோலக் கடவுச்சொல் கேட்டன. அந்தச் சொல் ஒருவருக்கும் தெரியவில்லை.

மேற்குத் தாம்பரத்தின் அந்தப் பெண்கள் பள்ளியில், மாடி மூலை அறையில், சரோஜினி டீச்சர் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். கறுப்புத் திரை, நடுவில் ஒரு சிறு கட்டம், அதற்குள் மின்னி மின்னி மறையும் ஒரு கோடு. ‘நீ யார், சொல்லிவிட்டு உள்ளே வா’ என்பதுபோல.

பெங்களூருக்குக் குடிபெயர்ந்த ஒரு கம்பெனி பள்ளிக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. வந்திறங்கிய அன்றே தாளாளர் சுவிசேஷமுத்து ஜெபம் செய்து, ரிப்பன் வெட்டி, நன்றிக் கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிட்டார். பெட்டிகள் பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றின் மூடியைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இருந்தாலென்ன? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா யாராவது?

தாளாளர் ஒன்றுதான் சொன்னார். “திங்கக்கிழமை பத்து மணிக்கு வருவேன் டீச்சர். எட்டும் ஓடினா இந்த வருஷமே பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப். ஓடலேன்னா இந்த ரூம் தையல் கிளாஸுக்கு.”

அந்தக் குரூப்புக்கு முப்பத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். இங்கே இல்லையென்றால் குரோம்பேட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். பஸ் ஏற விடாத அப்பாக்கள் எத்தனை பேர் என்று டீச்சருக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

முதலில் ஊகித்துப் பார்த்தார்கள். பள்ளி எழுத்தர் தாமோதரன், கோவளத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, நாற்பத்தைந்து வயதில் தலைமுடியில் பாதியைப் பள்ளிக்கூடக் கோப்புகளுக்குக் கொடுத்தவர், கம்பெனி பெயரைப் போடச் சொன்னார். போட்டார்கள். பிறகு முதலாளி பெயர். பிறகு பெங்களூர். மூன்றாவது தப்புக்குப் பெட்டி நீளமாக ஊளையிட்டது. கீழே ஒன்றாம் வகுப்பு, மணி அடித்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. அவர்களைப் பிடித்து உட்கார வைக்க அரைமணி ஆயிற்று.

அடுத்தது, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் மறந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். கழற்றி மாட்டினார்கள். கடவுச்சொல் மறக்கவில்லை, தேதிதான் மறந்தது. எட்டும் ஏகோபித்து 1990 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து கடவுச்சொல் கேட்டன.

அந்தச் சமயம் பார்த்து, காயலான்கடை பொன்னுரங்கம் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வாசலில் வந்து நின்றார். “டீச்சர், அந்தப் பொட்டி விஷயமா ஒண்ணு…”

டீச்சர் வாசலுக்கு வந்தார். உயிர் இன்னும் போகவில்லை, அதற்குள் எடை போட வந்துவிட்டாரே. “இங்க எடைக்குப் போட ஒண்ணும் இல்லை. போயிட்டு வாங்க” என்று கேட்டைச் சாத்தினார்.

மாலையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினார். அவர் எந்தக் கல்லூரியிலும் கணினி படித்தவரில்லை. கணக்கு டீச்சர், கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பழகியவர். கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுவது பயாஸ் என்னும் ஒரு சிறு நிரல் என்பதும், அது ஒரு சில்லுக்குள் இருக்கிறது என்பதும், கடவுச்சொல்லைக் கேட்பதே அதுதான் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த நிரல் கம்பெனிக்காரன் பூட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்க முடியாது. ஆனால் அதற்குப் பதிலாக லினக்ஸ்பயாஸ் என்று ஒன்றை உலகத்தில் பலர் சேர்ந்து எழுதி, யாரும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள்.

டீச்சர் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டார். முகம் தெரியாத ஒருவர் மறுநாளே பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். உள்ளே இதே மாதிரித் தாய்ப்பலகையுள்ள, ஓடுகிற கணினி ஒன்று வேண்டும். கண் விழித்தபின் அதற்குச் சில்லு தேவைப்படாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சில்லைப் பிடுங்கி, பூட்டிய சில்லைச் செருகி, புது நிரலை எழுத வேண்டும். எட்டுக்கும் எட்டுத் தடவை.

“ஓடற வண்டில டயர் மாத்தச் சொல்றாரு” என்றார் தாமோதரன்.

பழைய பலகைக்கு எங்கே போவது? காயலான்கடைக்குத்தான். டீச்சர் மானத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இரும்புலியூரில் பொன்னுரங்கத்தின் கடைக்குப் போனார். கேட்டைச் சாத்தியதை அவர் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மூலையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைத் துண்டால் தட்டி, “உக்காருங்க டீச்சர்” என்றார். டீச்சர் உட்கார்ந்தார்.

“டீச்சர், அந்தப் பொட்டி விஷயமா…”

“முதல்ல பலகை. மத்ததெல்லாம் அப்புறம்.”

குடைந்து குடைந்து ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் பாவம். டீச்சர் அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தார்.

சனிக்கிழமை காலை, பூட்டிய பெட்டி ஒன்றின் திரையையும் மின்சாரத்தையும் இணைத்து அந்தப் பலகையை ஓடவிட்டார்கள். ஓடுகிற பலகையிலிருந்து சில்லை எப்படிப் பிடுங்குவது? இடுக்கி வைத்தால் பொறி பறக்கும். தாமோதரன் சட்டைப் பையிலிருந்து ஒரு முழம் தங்கூசியை எடுத்தார். வலை பின்னுகிற நைலான் நரம்பு. சில்லுக்கு அடியில் இரு பக்கமும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தார். சில்லு மீன்குஞ்சு மாதிரி துள்ளிக்கொண்டு வந்தது. ஒத்திகை சரியாக அமைந்தது. மறுபடி செருகி வைத்தார்.

பிறகுதான் வினை. தாமோதரன் சில்லை மாற்றிவிட்டார் என்று டீச்சர் நினைத்தார். டீச்சர் ‘ம்’ சொல்லட்டும் என்று தாமோதரன் காத்திருந்தார். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, எழுதியது பொன்னுரங்கத்தின் நல்ல சில்லின் மேலேயே. அது போதாதென்று எழுதிய நிரல் கோப்பும் வேறொரு பலகைக்கானது.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார். “எட்டு இருந்துச்சு. இப்ப ஒன்பது.”

“செத்துப்போச்சா டீச்சர்? வெளக்கு எரிஞ்சுகினுதானே கீது.”

அந்தக் கேள்வியில் டீச்சர் நிமிர்ந்தார். உண்மைதான். அணைத்தால்தான் திரும்ப எழாது. அணைக்காதவரை அது எழுதச் சொன்னதை எழுதும். சரியான கோப்பு மட்டும் வேண்டும்.

சரியாக அப்போது மதிய மணி அடித்தது. சனிக்கிழமை மணி அடித்ததும் ஆயா பொன்னியம்மாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். இருபது வருஷத்தில் ஒரு சனிக்கிழமை தப்பியதில்லை. தாமோதரன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி, சுவிட்சுப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

“இன்னா தாமு, வழி வுடு. அணைக்கலன்னா தாளாளர் என்னைத்தான் கேப்பாரு.”

“அக்கா, மேல ஒரு உசிரு ஊசலாடுது. டீச்சர் வர்ற வரைக்கும் என் மேல கைய வெச்சாலும் பரவால்ல, இது மேல வெக்காத.”

டீச்சர் பிரவுசிங் சென்டருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பள்ளி வாசலிலேயே மீன்பாடி வண்டி. “டீச்சர், அந்தப் பொட்டி…” “வழி விடுங்க பொன்னுரங்கம்” என்று அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். முக்கால் மணி நேரத்தில் சரியான கோப்போடு திரும்பியபோது, தாமோதரன் அதே இடத்தில் நின்றிருந்தார். ஆயா எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் எப்போது அசருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை டீச்சர் கோப்பின் பெயரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். தாமோதரன் ஒவ்வொரு சில்லையும் காட்டி, “இது ஒண்ணு”, “இது ரெண்டு” என்று சொல்லிச் சொல்லிச் செருகினார். தங்கூசி எட்டுத் தடவை இறங்கி எட்டுத் தடவை ஏறிற்று. பொழுது சாய்வதற்குள் எட்டும் முடிந்தது.

திங்கள் காலை பத்து மணிக்குத் தாளாளர் வந்தார். முதல் பெட்டியின் பொத்தானை டீச்சர் தட்டினார். தாளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது ஓடத் தயாராக இருந்தது. மூன்றே விநாடி. கேள்வியில்லை, ஊளையில்லை.

“பாஸ்வேர்ட் கேக்கலையே?”

“இனிமே கேக்காது சார். கேக்கறவனை மாத்தியாச்சு.”

எட்டும் வரிசையாக விழித்தன. கதவுக்கு வெளியே நின்ற முப்பத்திரண்டு பெண்களும் கை தட்டினார்கள். தாளாளர் தையல் மெஷினுக்குப் போட்ட ஆர்டரைத் தாமே ரத்து செய்வதாகச் சொன்னார். பொன்னியம்மாள்கூட, “அப்போ சனிக்கிழமை எப்ப அணைக்கலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க” என்று சமாதானத்துக்கு வந்தார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே பொன்னுரங்கம் மாடி ஏறி வந்து, வாசலில் மூச்சு வாங்க நின்றார். இன்றைக்கு அவரைத் துரத்த டீச்சருக்கு மனம் வரவில்லை. “வாங்க, உள்ள வாங்க. உங்க பலகை இல்லேன்னா இது எதுவும் இல்லை. அன்னைக்கே என்னமோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க.”

பொன்னுரங்கம் எட்டுத் திரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஆச்சரியத்தில் துண்டு தோளிலிருந்து நழுவியது.

“கம்பெனி டிரைவர் பொட்டிய மாத்தி இறக்கிட்டான் டீச்சர். இந்த எட்டும் என் கடைக்கு ஒடைக்க வந்த சரக்கு. உங்களுக்கு வந்த புதுப் பொட்டி எட்டும் என் கடையிலதான் கீது, அன்னைக்கு நீங்க உக்காந்துகினு இருந்தீங்களே, அதான்.”