வெண்டிக்காய்த் தலைவர்

மனித குலத்துக்கு வெண்டிக்காய் கிடைத்து வெகுகாலமாயிற்று. ஆனால் வெண்டிக்காய்க்கு ஒரு தலைவர் கிடைத்தது அண்மையில்தான். அதுவும் ஹட்டன் கடைவீதியில், மளிகைக் கடை லெட்சுமணன் வடிவில். எங்கள் மலைக் குளிரில் வெண்டிச் செடி ஒழுங்காக வளராது. காய் கீழ்நாட்டிலிருந்து லொறியேறி வரவேண்டும். தங்கள் ஊரில் விளையாத பொருளுக்காகப் போராடுவதுதான் தலைவர்களுக்கு அழகு என்பதால் இதில் யாரும் குறை காணவில்லை.

பெரிய இயக்கங்களுக்குப் பின்னால் பெரிய இலட்சியம் ஒன்று இருக்கும். லெட்சுமணனின் இலட்சியம் ஊசி போட்டுக்கொள்ளாமல் தப்புவது.

அவருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து சில வருடங்கள் ஆகின்றன. கிளினிக்கில் டொக்டர் ஷாமிலா அன்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே பேசினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் செய்தி நல்லதாக இருக்காது.

“ஐயா, சீனி ஏறிக்கிட்டே போகுது. அடுத்த முறை ரத்தம் சோதிக்கிறப்ப இறங்கலன்னா மாத்திரை போதாது. ஊசிதான். தினமும் வயித்துல நீங்களே குத்திக்கணும்.”

“நானேவா?”

“வேற யாரு குத்துவாங்க?”

குத்துவதற்குத் தன் மனைவி சிவகாமசுந்தரி மனமுவந்து முன்வருவாள் என்று லெட்சுமணனுக்குத் தெரியும். அதை நினைத்ததும் பயம் இரட்டிப்பாயிற்று. கடையில் கோணி தைக்கும் ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர் அவர்.

“தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா?” என்று டொக்டர் கேட்டார்.

“சத்தியமா இல்லீங்க டொக்டர். என் தேத்தண்ணியில ஒரு மணி சீனி கெடையாது.”

இது கலப்படமற்ற உண்மை. அவர் தேத்தண்ணீரில் சீனி இருந்ததே இல்லை. மலைநாட்டில் நாங்கள் சீனியைத் தேத்தண்ணீரில் கரைத்து வீணாக்குவதில்லை. வலது கையில் கோப்பை, இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. கூப்பனுக்குச் சீனி வாங்கிய காலத்தில் சிக்கனமாகத் தொடங்கிய பழக்கம், மூட்டை மூட்டையாகச் சீனி வைத்திருக்கும் கடை முதலாளியின் கையிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. டொக்டர் கேட்டது தேத்தண்ணீரைப் பற்றி. கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் லெட்சுமணனிடம் இல்லை.

அந்த வாரமே அவருடைய கைபேசிக்கு ஞானம் வந்து சேர்ந்தது. வெண்டிக்காயைக் கீறி இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சீனி ஓடிப்போகும் என்று ஒரு காணொளியில் யாரோ கண்கலங்கச் சொன்னார். எங்கே ஓடிப்போகும் என்று சொல்லவில்லை.

சிவகாமசுந்தரிக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. “என்னங்க, வெண்டிக்கா நல்லதுதான், யாரு இல்லேன்னா? நான் நல்லா வதக்கித் தர்றேன். சோத்தக் கொறச்சிக்கிட்டு அதத் தின்னுங்க. அத விட்டுட்டு எதுக்கு அந்த வழவழத் தண்ணி?”

அவள் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் கத்தியை எடுப்பாள். அகன்ற சட்டியில், மூடி போடாமல், வெங்காயம் பச்சை மிளகாயோடு வதக்குவாள். வழவழப்பு முழுக்கப் போன பிறகே உப்பு. சில நாள் வெந்தயம் போட்டுத் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறி. சில நாள் முழுக்காயாக வதக்கிப் புளிக்குழம்பு. மாசிக் கருவாடு போட்டுத் தாளித்த நாளில் பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா கிண்ணத்தோடு வந்துவிடுவார். ஆனால் லெட்சுமணனின் பார்வையில் இதெல்லாம் வெறும் ‘சமையல்’. தண்ணீர்தான் ‘விஞ்ஞானம்’. தவிரவும், அவ்வளவு ருசியான கறிக்குச் சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொள்வது சமைத்தவளுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர் கருதினார். மனைவியை அவர் ஒருநாளும் அவமதித்ததில்லை.

முதல் நாள் காலை விஞ்ஞானம் தொண்டையில் இறங்க மறுத்தது. தடிமன் பிடித்த பிள்ளையின் மூக்கிலிருந்து வருவது போலிருந்தது அது. கண்ணில் நீர் வந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ளப் போன நேரத்தில் அவருடைய இடது கை தானாகச் சீனிப் போத்தலைத் தேடிப் போனது. ஒரு நக்கு, ஒரு மிடறு. சுகமாக இறங்கிற்று. தண்ணீரில் அவர் சீனி போடவில்லை. போட்டால் மருந்து கெட்டுவிடும் என்று காணொளி எச்சரித்திருந்ததே!

இறங்கிய வேகத்தில் பிறந்ததுதான் ‘ஹட்டன் வெண்டிக்காய் நலவாழ்வு இயக்கம்’. பக்கத்துப் புடவைக் கடை மதுசூதனன் செயலாளரானார். அங்குரார்ப்பணக் கூட்டம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்தது.

“அண்ணே, இயக்கம்னா ஒரு கொள்கை வேணுமே?”

“வெண்டிக்காதான் கொள்கை.”

“அப்ப சின்னம்?”

“அதுவும் வெண்டிக்காதான், தம்பி.”

“எதிரி?”

லெட்சுமணன் யோசித்தார். “கத்தரிக்கான்னு போட்டுக்க.”

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. எதிர்ப்பதற்கு அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

பிறகு பிரசாரம் தொடங்கியது. நார்ச்சத்து, கர்ப்பிணிகளுக்கு வேண்டிய ஃபோலிக் அமிலம், விற்றமின் சி என்று உள்ளதைச் சொல்லித்தான் லெட்சுமணன் பேச்சை ஆரம்பிப்பார். கைதட்டல் போதாவிட்டால் கண் தெரியும், மூட்டு வலி போகும் என்று போய், பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் சித்தியடைவார்கள் என்று முடிப்பார். சின்ன வயதிலிருந்து வெண்டிக்காய் தின்ற தான் கணக்கில் கோட்டைவிட்டதையும், இன்றைக்கும் கல்குலேட்டர் இல்லாமல் கடை திறப்பதில்லை என்பதையும் அவர் மேடையில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தனியாக இருக்கையில் அதை நினைத்துச் சிரித்துக்கொள்வார். அந்த அளவுக்கு நேர்மையானவர்தான்.

நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கோயில் மண்டபத்தில் ஒரு வாளி வெண்டிக்காய்த் தண்ணீர். முதல் கோப்பை ராசம்மாவுக்கு. கொழுந்தெடுத்துக் காய்ப்புக் காய்த்த கை. அவளுக்கும் சீனி வருத்தம்.

“மாத்திரைய நிப்பாட்டிறலாங்களா மொதலாளி?”

“அது கூடாது. மாத்திரை மாத்திரையா இருக்கட்டும். இது கூடுதல் பலம்.”

ராசம்மா ஒரு மிடறு குடித்தாள். முகம் கோணியது. கூட்டம் மெல்ல வாசல் பக்கம் நகர ஆரம்பித்தது.

“மொதலாளி, தப்பா நெனச்சுக்காதீங்க. எறங்க மாட்டேங்குதுங்க.”

இயக்கத்தின் எதிர்காலம் அந்த ஒரு தொண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமணன் பதறவில்லை. கடைப் பையிலிருந்து சீனியை எடுத்தார். “இடது கைய நீட்டு ராசம்மா. இத வெறுமனே குடிக்கவே கூடாது.”

வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வாளி காலியாயிற்று. குழந்தைகள் மறுபடி வரிசையில் நின்றார்கள். “மக்கள் எழுச்சி, அண்ணே!” என்று மதுசூதனன் படம் பிடித்தார்.

அன்றிலிருந்து இயக்கம் ஒரு புரட்சிகரமான திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. லெட்சுமணன் கடையில் ஒரு கட்டு வெண்டிக்காய் வாங்கினால் ஒரு சரை சீனி இலவசம். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிய அந்தச் சரையின் மேல் தலைவரின் சிரித்த முகமும், ‘நலமே நமது நோக்கம்’ என்ற வாசகமும் அச்சடிக்கப்பட்டன. இலவசச் சரை தீர்ந்தவர்கள் விலை கொடுத்தும் சீனி வாங்கினார்கள். சீனி மூட்டைகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் தீர்ந்தன. ஒரு நல்ல காரியத்தில் இறங்கினால் கடையின் மற்றச் சாமான்களும் விற்கும் என்று லெட்சுமணன் பூரித்துப் போனார்.

கிளினிக் நாள் வந்தது. நல்ல சட்டை போட்டு, கூட்டப் படங்களையும் ஒரு போத்தல் வெண்டிக்காய்த் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனார். டொக்டர் வாயால் ஒரு பாராட்டு வாங்கிவிட்டால் அதையும் சரையில் அச்சடித்துவிடலாம். உள்ளே போனபோது ராசம்மா தன் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்திருந்தாள். தலைவரைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

டொக்டர் ஷாமிலா கண்ணாடியைக் கழற்றினார்.

“முந்தினதவிடக் கூடியிருக்கு ஐயா. இனி ஊசிதான்.”

லெட்சுமணனுக்கு வயிற்றில் ஊசி இப்போதே இறங்கியது போலிருந்தது. “மெஷின் பழசுங்களா டொக்டர்?”

“மெஷின் புதுசு. என்ன சாப்பிடுறீங்க?”

“வெண்டிக்கா.”

“குடிக்கிறது?”

“வெண்டிக்காத் தண்ணி.”

“அதுக்குச் சீனி போடுறீங்களா?”

“சத்தியமா இல்லீங்க! ஒரு மணி கெடையாது. இந்தா பாருங்க, நீங்களே மோந்து பாருங்க.” போத்தலைத் திறந்து மேசையிலிருந்த கோப்பையில் ஊற்றினார்.

டொக்டர் மோந்து பார்க்கவில்லை. “சரி, வீட்டுல குடிக்கிற மாதிரியே ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க.”

லெட்சுமணன் வலது கையால் கோப்பையைத் தூக்கினார். இடது கை தானாக எழுந்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, நெஞ்சுக்கு நேராக நின்றது.

டொக்டர் அந்தக் கையைப் பார்த்தார். லெட்சுமணனும் பார்த்தார். இத்தனை காலம் கூடவே இருந்த கையை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கையை இறக்கத்தான் நினைத்தார்; அதற்குள் ராசம்மா முந்திக்கொண்டாள்.

“பொறுங்க மொதலாளி, வெறுமனே குடிக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

தன் பையிலிருந்து ஒரு சரையைப் பிரித்து, அவர் உள்ளங்கையில் சீனியைத் தாராளமாகக் கொட்டினாள். காலிச் சரையிலிருந்து தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். டொக்டர் அதை வாங்கி, ‘நலமே நமது நோக்கம்’ என்று மெதுவாக வாசித்தார்.

லெட்சுமணன் கோப்பையை வைத்துவிட்டு வயிற்றைப் பொத்திக்கொண்டதைக் கண்டு ராசம்மாவுக்கு மனது கேட்கவில்லை. கிட்ட வந்து ஆறுதலாகச் சொன்னாள்:

“ஊசிக்கெல்லாம் பயப்படாதீங்க மொதலாளி. ஒங்ககிட்டச் சரை வாங்கின எங்க லயத்துச் சீனிக்காரங்க எல்லாருக்கும் இன்னைக்கு அதத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க.”