சம்பந்திக்கு விளக்கு இருந்தால் எனக்கும் விளக்கு

பத்திரகாளியம்மன் துணை

சிவகாசி,
ஜனவரி 10

பேரும் புகழும் பெற்று வாழ வேண்டிய அண்ணன் மகன் பாலகுருவுக்கு, சித்தப்பா அய்யாதுரை எழுதிக்கொண்டது. நான் உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன். இதைத் தனியாக எழுதுகிற வழக்கம் நமக்குக் கிடையாது, ஆனால் இந்த மாதம் அவசியப்படுகிறது. சென்னையில் நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் அருள் புரியட்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன் சித்தி பொன்னுத்தங்கம் பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி "அப்படி ஒண்ணும் நடக்கல" என்பாள். கடிதத்தில் அவள் குறுக்கே வர முடியாது.

விஷயம் இதுதான். என் மகள், உன் தங்கச்சி ரோஷினி என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. பொங்கல் சீர் கொண்டுவர அம்மா மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாளாம். நீ அவளுக்கு அண்ணன், நீ சொன்னால் கேட்பாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது நியாயம் யார் பக்கம் என்று உனக்கே விளங்கும்.

அவள் வாழ்க்கைப்பட்ட சாத்தூர் சேவுக்கடையில் இருந்து, வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க முந்நூறு டெய்லி கேலண்டர் அடிக்கச் சொல்லி மார்கழியில் எங்கள் பிரஸ்ஸுக்கு ஆர்டர் வந்தது. நான் எங்கள் பிரஸ்ஸில் முப்பத்தொரு வருஷமாகக் கட்டிங் மிஷினில் நிற்கிறவன். நான் ஒருநாள் மிஷினை நிறுத்தினால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இன்றைக்கு என்ன கிழமை என்றே தெரியாது. அப்பேர்ப்பட்டவன் மகள் அனுப்பிய டிசைனைப் பார்க்கிறேன். அட்டையில் நடுவில் முருகன், கீழே கடைப் பெயர், மேலே இடது மூலையில் அவளுடைய மாமனார் ராஜபாண்டியன் படம். படத்துக்கு மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அடியில் கொட்டை எழுத்தில் "எங்கள் அப்பா". சம்பந்தி இறந்து வருஷத் திதியும் முடிந்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. நானும்தான் போய் மாலை போட்டேன், அங்கே விழுந்த மாலைகளிலேயே பெரியது என்னுடையதுதான். இருந்தாலும் கேட்கிறேன், அவர் எத்தனை வருஷம் அவளுக்கு அப்பா? கல்யாணத்திலிருந்து எண்ணினால் மூன்று வருஷம். நான் இருபத்தேழு வருஷம். கட்டிங்கில் விழுகிற கழிவுத்தாளை எல்லாம் சேர்த்து அவளுக்கு நோட்டுத் தைத்துக் கொடுத்தவன் நான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் கடையில் வாங்கிய ஒரே நோட்டில் எழுதினார்கள், என் மகள் ரோஜாத்தாள், மஞ்சத்தாள், பச்சைத்தாள் என்று பக்கத்துக்கு ஒரு நிறத்தில் எழுதினாள். அவர் என்ன கொடுத்தார்? சேவு. அதையும் கடையில் மிஞ்சியதை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தினாலும் நியாய அநியாயம் தெரிந்தவன் என்பதால் நேராக டிசைன் போடுகிற கற்பகவல்லியிடம் போனேன். என் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவைக் கொடுத்து, வலது மூலை காலியாக இருக்கிறது, அதில் இதைப் போடு என்றேன். அந்தப் படத்தில் நான் சினிமாவில் நடிக்க வேண்டியவன் மாதிரி இருப்பேன், நடிக்கக் கூப்பிடவும் செய்தார்கள், நான்தான் போகவில்லை. அவள் படத்தை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் மாலையும் வெளக்குமா?"

"அவருக்கு இருக்குல்ல?"

"அவுக இறந்துட்டாகள்ல."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? அம்புட்டையும் சரிசமமா வை."

வைத்தாள். அடியில் எனக்கும் "எங்கள் அப்பா" போட்டாள். புரூஃபில் நானே கையெழுத்துப் போட்டேன். பார்க்க இரண்டு ராஜாக்கள் மாதிரி அவ்வளவு லட்சணமாக இருந்தது, அவர் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தார், அதற்கு நான் பொறுப்பில்லை.

மருமகன் மணிகண்டராஜ் கட்டுக் கட்டாக வந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒன்றாம் தேதி காலையிலேயே கடையில் கொடுத்துத் தீர்த்துவிட்டான். மத்தியானத்துக்குள் சாத்தூர் முழுக்க நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். எனக்கு வந்த முதல் போனிலேயே ஒருவர், எப்ப எடுக்காக என்று என்னிடமே கேட்டார். வெம்பக்கோட்டையில் இருந்து நம் ஊர்க்காவலன் மச்சான் துட்டி கேட்கக் கையில் மாலையோடு வந்து இறங்கினார். நான் வாசலில் பல்குச்சியோடு நிற்கிறேன். அவர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு மட்டும் நானூறு பேர் வந்திருப்பார்கள். உன் சித்தி பதினொரு பேர் என்பாள், அவள் சமையல்கட்டுக்குள் இருந்தவள், அவளுக்கு என்ன தெரியும். அவளுக்கு வந்த கோபம் வேறு. ரேஷன் கடையில் நாலு பொம்பளைகள் அவள் நெற்றியையே பார்த்தார்களாம். "எம் பொட்ட நீங்களே அழிச்சிட்டீகளே" என்று இரண்டு நாள் சோறு போடவில்லை.

எங்கள் முதலாளி மானம் போகிறது என்று, "வலது பக்கம் இருப்பவர் நலமாக உள்ளார்" என முந்நூறு துண்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தார். மணிகண்டராஜ் வீடு வீடாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறான். உயிரோடு இருப்பதை அச்சில் போட்டு ஊருக்கு அறிவிக்கிற அளவுக்கு இந்த வட்டாரத்தில் இதுவரை எவனும் பெரிய மனுஷனாக இருந்ததில்லை. ஆனால் ரோஷினிக்கு அந்தப் பெருமை புரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் போன் போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் போட்டால் எடுப்பதில்லை.

ஆகையால் மகனே, பொங்கலுக்கு முன்னால் நீ அவளிடம் பேசு. அப்பாவுக்குப் பொறாமை என்று மட்டும் சொல்லிவிடாதே, செத்தவர் மேல் எவனாவது பொறாமைப்படுவானா? கற்பகவல்லி தவறுதலாகப் படத்தை வைத்துவிட்டாள் என்று சொல். அவளிடம் பேசிவிட்டேன், ஒரு கிலோ காராச்சேவுக்கு ஒத்துக்கொண்டாள். பெற்றவனுக்குப் பிள்ளை மேல் இருக்கிறதில் கால்வாசி பிள்ளைக்குப் பெற்றவன் மேல் இருந்தால் போதும் என்று நான் எப்போதோ மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் கால்வாசியைச் சம்பந்தியோடு பங்கு போடச் சொன்னால்தான் தாங்கவில்லை.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தமும் ஆசியும். உன் அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, சின்ன வயசிலிருந்தே அவருக்கு என்னைக் கண்டால் பொறாமை.

இப்படிக்கு,
உயிருள்ள சித்தப்பா,
அய்யாதுரை

பின்குறிப்பு: கடிதத்தை எழுதித் தபாலில் போடாமல் ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன், அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. நீ யாரிடமும் பேச வேண்டாம். இதை எழுதிய மறுநாளே ரோஷினி முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து பிரஸ் வாசலில் நின்றாள். "உசுரோட இருக்கீகன்னுதானப்பா நான் ஒங்க படத்தப் போடல" என்றாள். "தெனம் பத்துப் பேரு துட்டி கேக்க வாராக. எங்கப்பா இருக்காரு, இருக்காருன்னு சொல்லிச் சொல்லி, ராத்திரி எனக்கே பயமாயிருச்சு." மிஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன். மிஷின் அப்போது ஓடவில்லை. பொங்கல் சீரும் நான்தான் கொண்டுபோனேன். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் போன் வருகிறது, "இருக்கீகளாப்பா?" என்று கேட்டு, நான் இருமியாவது காட்டிய பிறகுதான் வைக்கிறாள். சம்பந்தி மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தாரே, அவருக்கு ஒருநாளாவது அவள் போன் செய்திருப்பாளா? விசாரித்து எழுது.